அப்லோட் எங்கே நிற்கிறது: சொந்த சர்வரில் பழுது பார்க்கும் முறை

எடுத்துக்கொண்ட அமைப்பு பலர் வீட்டில் இருப்பதுதான். 2 ஜிபி ராம் கொண்ட ராஸ்பெரி பை 4, எஸ்டி கார்டில் 64 பிட் டெபியன் 13 லினக்ஸ், வெப் சர்வராக என்ஜின்எக்ஸ், பிஎச்பி நிரல்களை ஓட்ட பிஎச்பி 8.4 எஃப்பிஎம். யூஎஸ்பியில் செருகிய எஸ்எஸ்டி /எஸ்ஆர்வி என்ற இடத்தில் மவுன்ட் ஆகியிருக்கிறது, அதாவது அந்த ஃபோல்டராக இணைந்திருக்கிறது. வீட்டுப் படங்களையும் வீடியோக்களையும் ஏற்றி வைக்க ஒரு பிஎச்பி செயலி, கூடவே ஒரு வேர்ட்பிரஸ் தளம்.

கோளாறு படிப்படியாகத் தலைகாட்டும். முதலில் 700 கேபி படம் ஏறும், 5 எம்பி படம் ஏறாது. வரம்பைக் கூட்டினால் 5 எம்பி ஏறும், ஆனால் 1.4 ஜிபி வீடியோ 100 சதவீதம் வரை போய்க் கடைசி நொடியில் விழும். அதையும் சரிசெய்தால், வீட்டு வைஃபையில் ஏறுகிற கோப்பு வெளியிலிருந்து ஏறாது.

இப்படிப்பட்ட நேரத்தில் பெரும்பாலோர் செய்வது, கண்ணில் படும் எல்லா வரம்புகளையும் ஒரே மூச்சில் ஏற்றிவிட்டு சர்வரை ரீஸ்டார்ட் செய்வது. சில நேரம் அது பலிக்கும். ஆனால் எது தடுத்தது என்று தெரியாமல் போகும், தேவையில்லாத கதவுகளும் திறந்து கிடக்கும். கோப்பை நிறுத்தியது யார் என்று லாக் (சர்வரின் பதிவேடு) பார்த்து உறுதி செய்த பிறகே எந்த எண்ணிலும் கை வைக்க வேண்டும். அதற்குக் கோப்பு போகும் பாதை தெரிந்திருக்க வேண்டும்.

கோப்பு போகும் பாதை

பிரவுசரிலிருந்து கிளம்பும் கோப்பு, நடுவில் கிளவுட்ஃபிளேர் போன்ற சேவை இருந்தால் அதைக் கடந்து, வீட்டு ரவுட்டர் வழியாக என்ஜின்எக்ஸிடம் வருகிறது. என்ஜின்எக்ஸ் அதை உடனே பிஎச்பிக்குக் கொடுப்பதில்லை. இரண்டு மெமரி பேஜ் அளவு, அதாவது வழக்கமாக 8 கேபி வரை ராமில் வைத்துக்கொள்ளும். அதைத் தாண்டினால் /வார்/லிப்/என்ஜின்எக்ஸ்/பாடி ஃபோல்டரில் தற்காலிகக் கோப்பாக எழுதும். முழுக் கோப்பும் வந்து சேர்ந்த பிறகே எஃப்பிஎம்மிடம் தள்ளும். எஃப்பிஎம் தன் பங்குக்கு இன்னொரு தற்காலிகக் கோப்பு எழுதும். கடைசியில் செயலி அதை உரிய ஃபோல்டருக்கு நகர்த்தும்.

ஆக ஒரே கோப்பு ஒரு கட்டத்தில் இரண்டு பிரதிகளாக இருக்கும். கடைசி ஃபோல்டர் வேறு டிஸ்க்கில் இருந்தால் நகர்த்தும் நேரத்தில் மூன்றாகும். 1.4 ஜிபி வீடியோவுக்கு 4.2 ஜிபி இடம் தேவைப்படலாம் என்பது பலருக்குத் தோன்றுவதே இல்லை.

பிரவுசர் காட்டும் 100 சதவீதத்தின் பொருளும் இதிலிருந்து விளங்கும். கோப்பு என்ஜின்எக்ஸ் வரை வந்துவிட்டது, அவ்வளவுதான். 100-இல் போய் விழுந்தால் நெட்வொர்க்கைச் சந்தேகிக்க வேண்டாம். பழுது அதற்குப் பின்னால் இருக்கிறது. 12 சதவீதத்திலோ 40-இலோ விழுந்தால் என்ஜின்எக்ஸுக்கு முன்னாலோ என்ஜின்எக்ஸிலோ பார்க்க வேண்டும்.

முதல் வேலை: லாகைப் பேச வைப்பது

என்ஜின்எக்ஸின் வழக்கமான ஆக்சஸ் லாகில் முடிவைச் சொல்ல ஸ்டேட்டஸ் எண் மட்டும் வரும். அது போதாது. லாக்_ஃபார்மேட் வரியில் நான்கு மாறிகளைச் சேர்க்க வேண்டும்: $ரிக்வெஸ்ட்_லெங்த், $ரிக்வெஸ்ட்_டைம், $அப்ஸ்ட்ரீம்_ஸ்டேட்டஸ், $அப்ஸ்ட்ரீம்_ரெஸ்பான்ஸ்_டைம். இவற்றில் உயிர்நாடி மூன்றாவது. அதில் வெறும் ‘-’ விழுந்தால் கோரிக்கை பிஎச்பியைத் தொடவே இல்லை, என்ஜின்எக்ஸே திருப்பி அனுப்பிவிட்டது. 200 விழுந்தும் கோப்பைக் காணோம் என்றால் பிஎச்பியிலோ செயலியிலோ குறை. லாகில் வரியே இல்லையென்றால் கோரிக்கை சர்வருக்கு வந்து சேரவில்லை.

டாக்கரில் (செயலிகளைத் தனித்தனிக் கன்டெய்னர்களில் ஓட்டும் கருவி) ஓட்டுபவர்களுக்கு வழக்கமாக இரண்டு என்ஜின்எக்ஸ் இருக்கும்: கோரிக்கையை வாங்கி உள்ளே அனுப்பும் ரிவர்ஸ் பிராக்ஸி வெளியே ஒன்று, கன்டெய்னருக்குள் ஒன்று. இரண்டின் லாகையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எது மறித்தது என்பது நொடியில் தெரியும். உள்ளே இருப்பதன் வரம்பை மட்டும் கூட்டிவிட்டு ‘மாற்றியும் பலனில்லை’ என்று திணறுவது அடிக்கடி நடக்கிறது.

சோதனைக்கு நிஜப் படங்களை எடுக்காமல், டிடி கமாண்டால் 1, 3, 9, 50 எம்பி அளவில் நான்கு கோப்புகள் செய்துகொள்வது நல்லது. 1 எம்பி என்ஜின்எக்ஸின் இயல்பு வரம்பின் விளிம்பு. 3 எம்பி பிஎச்பியின் 2 எம்பி வரம்பைத் தாண்டும். 9 எம்பி பிஎச்பியின் 8 எம்பி வரம்பைத் தாண்டும். எது எந்த அளவில் விழுகிறது என்பதே பாதி விடை.

அனுப்புவதற்குப் பிரவுசரை நம்ப வேண்டாம், டெர்மினலிலிருந்து கோப்பு அனுப்பும் கர்ல் கமாண்டை எடுங்கள். காரணம் இருக்கிறது. அளவு மீறிய கோப்பு வரும்போது என்ஜின்எக்ஸ் 413 என்று பதில் சொல்லி இணைப்பை மூடும். பிரவுசரோ இன்னும் கோப்பை அனுப்பிக்கொண்டிருக்கும். அந்தப் பதிலைப் படிக்காமல் ‘இணைப்பு துண்டிக்கப்பட்டது’ என்று மட்டும் காட்டும். பிரவுசர்கள் இந்தப் பிழையைச் சரியாகக் காட்டாது என்று என்ஜின்எக்ஸின் சொந்த ஆவணமே எச்சரிக்கிறது. பார்ப்பவர் ரவுட்டரில் கோளாறு என்று நினைத்து வேறு பக்கம் போய்விடுவார். கர்ல் எச்டிடிபி 1.1-இல் 1 எம்பிக்கு மேல் அனுப்பும்போது, ‘அனுப்பட்டுமா?’ என்று முதலில் தலைப்பை மட்டும் அனுப்பிக் கேட்கும். அங்கேயே 413 வந்துவிடும், குழப்பம் இல்லை. எச்டிடிபி 2-க்குத் தானாகத் தாவாமலிருக்க --எச்டிடிபி1.1 என்ற ஆப்ஷனைச் சேர்த்துவிடுங்கள்.

413: என்ஜின்எக்ஸின் வரம்பு

5 எம்பி படம் ஏறாததற்குக் காரணம் கிளையன்ட்_மேக்ஸ்_பாடி_சைஸ். எதுவும் எழுதாவிட்டால் அதன் மதிப்பு 1 எம்பி. எர்ரர் லாகில், கிளையன்ட் அளவுக்கு மீறிய பாடியை (கோரிக்கையின் உள்ளடக்கத்தை) அனுப்ப முயன்றது என்ற வரியும், அதோடு பைட் எண்ணிக்கையும் இருக்கும்.

மாற்றியும் 413 தொடர்ந்தால், எழுதிய இடம் தவறு. இந்த வரியை எச்டிடிபி, சர்வர், லொகேஷன் என மூன்று மட்டங்களிலும் எழுதலாம். உள்ளே இருப்பதே செல்லும். 80 போர்ட்டுக்கான சர்வர் பிளாக்கில் எழுதிவிட்டு 443-ஐ மறந்துவிடுவது வழக்கமான சறுக்கல். ‘என்ஜின்எக்ஸ் -டி’ என்று பெரிய டி போட்டு ஓட்டினால் எல்லா இன்க்ளூட் கோப்புகளையும் சேர்த்து முழு கன்ஃபிகையும் கொட்டும். அதில் இந்தப் பெயரைத் தேடினால் எத்தனை இடத்தில் என்ன மதிப்பு என்பது வெளிச்சமாகும். சின்ன டி போட்டால் பிழை சோதனை மட்டும். அதன் பிறகு ரீலோட்.

இந்த மதிப்பை 0 ஆக்கினால் அளவுச் சோதனையே நின்றுவிடும். தயவுசெய்து அப்படிச் செய்ய வேண்டாம். யார் வேண்டுமானாலும் உங்கள் எஸ்டி கார்டை நிரப்பிவிட்டுப் போகலாம் என்று அனுமதி எழுதிக் கொடுப்பதற்கு அது சமம். லாகின் செய்யாதவருக்கும் இது பொருந்தும், ஏனென்றால் பிஎச்பி கடவுச்சொல் கேட்பதற்கு முன்பே என்ஜின்எக்ஸ் கோப்பை டிஸ்க்கில் எழுதி முடித்திருக்கும். அப்லோட் நடக்கும் ஒரு முகவரிக்கு மட்டும் தனி லொகேஷன் பிளாக் வைத்து, அதில் பெரிய எண்ணைக் கொடுங்கள். மற்ற இடங்களில் 1 எம்பியே இருக்கட்டும். லொகேஷன் வைத்த பின் கோரிக்கை உள்ளுக்குள் இன்டெக்ஸ் பிஎச்பி கோப்புக்குத் திருப்பப்பட்டால், அங்கே பொருந்தும் லொகேஷனின் வரம்பும் பார்க்கப்படும் என்பதைச் சோதித்துக்கொள்ள வேண்டும்.

அப்பாச்சி பயன்படுத்துபவர்களுக்கு ஒரு சேதி. லிமிட்ரிக்வெஸ்ட்பாடி என்பது நெடுங்காலம் 0, அதாவது வரம்பே இல்லை. 2.4.54 பதிப்பிலிருந்து இயல்பு மதிப்பு 1073741824 பைட், சரியாக 1 ஜிபி. கன்ஃபிகில் ஒரு எழுத்தும் மாற்றாமல், அப்டேட் செய்த மறுநாளே பெரிய கோப்புகள் நின்றுபோனால் முதலில் இதைப் பாருங்கள்.

பிஎச்பியின் மௌனம்

என்ஜின்எக்ஸ் திறந்தவுடன் அடுத்த தடை பிஎச்பி. இயல்பில் அப்லோட்_மேக்ஸ்_ஃபைல்சைஸ் 2 எம்பி, போஸ்ட்_மேக்ஸ்_சைஸ் 8 எம்பி. இரண்டும் வேறு வேறு விதமாக மறுக்கும். 3 எம்பி கோப்பு வந்தால் $_ஃபைல்ஸ் அணியில் பிழை எண் 1 இருக்கும். செயலி அதைப் பார்த்தால் சொல்லும். 9 எம்பி வந்தால் நிலைமை மோசம்: $_போஸ்ட், $_ஃபைல்ஸ் இரண்டும் காலியாகிவிடும். படிவத்தையே யாரும் நிரப்பாதது போலச் செயலி நடந்துகொள்ளும். ‘பாதுகாப்பு டோக்கன் தவறு’, ‘தலைப்பு காலியாக உள்ளது’ என்று சம்பந்தமே இல்லாத பிழைகள் வருவது இதனால்தான். ஆக்சஸ் லாகில் 200 இருக்கும். எர்ரர் லாகில் மட்டும், வந்த பைட் எண்ணிக்கை 8388608 என்ற வரம்பைத் தாண்டியதாக ஒரு எச்சரிக்கை கிடக்கும். அந்த எண்ணைப் பார்த்தவுடன் போஸ்ட்_மேக்ஸ்_சைஸ் என்று அறிந்துகொள்ளலாம்.

மாற்ற வேண்டிய கோப்பு /ஈடிசி/பிஎச்பி/8.4/எஃப்பிஎம்/ ஃபோல்டரில் உள்ள பிஎச்பி.ஐஎன்ஐ. பக்கத்திலேயே சிஎல்ஐ ஃபோல்டரிலும் அதே பெயரில் ஒன்று இருக்கிறது. டெர்மினலில் ‘பிஎச்பி -ஐ’ அடித்துப் பார்ப்பவருக்குக் கிடைப்பது சிஎல்ஐ மதிப்புகள். வெப் சர்வருக்கும் அதற்கும் தொடர்பில்லை. பிஎச்பிஇன்ஃபோ பக்கம் ஒன்றைப் பிரவுசர் வழியாகத் திறந்து, எந்த ஐஎன்ஐ கோப்பு ஏறியிருக்கிறது என்ற வரியைப் பார்த்துவிட்டு, வேலை முடிந்ததும் அந்தப் பக்கத்தை அழித்துவிடுங்கள். எஃப்பிஎம் பூல் கோப்பில் (பிஎச்பி வொர்க்கர்களுக்கான கன்ஃபிக்) பிஎச்பி_அட்மின்_வேல்யூ என்று ஏற்கனவே யாராவது எழுதியிருந்தால் ஐஎன்ஐயில் எழுதுவது எடுபடாது. .யூசர்.ஐஎன்ஐயில் எழுதினால் 300 நொடி கேச் உண்டு. ஐந்து நிமிடம் பொறுக்க வேண்டும். பிஎச்பியின் அதிகாரபூர்வ டாக்கர் இமேஜில் பிஎச்பி.ஐஎன்ஐயே கிடையாது, மாதிரிகள் மட்டும் இருக்கும். அங்கே கான்ஃப்.டி ஃபோல்டருக்குள் உங்கள் சொந்த ஐஎன்ஐ கோப்பு ஒன்றை வைக்க வேண்டும்.

எண் எழுதும் விதத்திலும் கவனம் தேவை. பிஎச்பி புரிந்துகொள்வது கே, எம், ஜி என்ற ஒற்றை எழுத்துகளை மட்டுமே. ‘100எம்’ சரி. ‘100எம்பி’ என்று எழுதினால் கடைசி எழுத்து பி என்பதால் பெருக்கம் நடக்காது. வரம்பு வெறும் 100 பைட் ஆகிவிடும். 8.2 முதல் பிஎச்பி இதற்கு எச்சரிக்கை தருகிறது. பழைய பதிப்புகள் வாயே திறக்காது. என்ஜின்எக்ஸில் அதே தவறைச் செய்தால் கன்ஃபிக் சோதனையிலேயே மாட்டிக்கொள்ளும்.

நமது அமைப்புக்கு வைத்த எண்கள்: அப்லோட்_மேக்ஸ்_ஃபைல்சைஸ் 2000எம், போஸ்ட்_மேக்ஸ்_சைஸ் 2010எம், என்ஜின்எக்ஸில் 2020எம். கோப்போடு படிவத்தின் மற்ற விவரங்களும் எல்லைக்கோடுகளும் சேர்ந்து வருவதால், வெளியே போகப்போக அளவு கொஞ்சம் கூட வேண்டும். வெளி வரம்பு சற்றுப் பெரிதாக இருப்பதில் இன்னொரு நன்மை: லேசாக மீறும் கோப்பை பிஎச்பி பிழை எண் 1-ஓடு மறுக்கும், செயலி பயனருக்குப் புரியும்படி பதில் சொல்லலாம்.

மெமரி_லிமிட்டைக் கோப்பளவுக்கு உயர்த்தச் சொல்லும் அறிவுரை பரவலாக உலவுகிறது. படிவம் வழியாக வரும் கோப்பை பிஎச்பி ராமில் சேர்ப்பதில்லை, வர வரத் தற்காலிகக் கோப்பில் எழுதிவிடும். செயலியே முழுக் கோப்பையும் ஒரே மாறியில் படித்தால் ஒழிய 128 எம்பி போதும். 2 ஜிபி ராம் உள்ள மெஷினில் மெமரி_லிமிட்டை 2 ஜிபி ஆக்குவது மெஷினுக்கே ஆபத்து.

பல கோப்புகளை ஒன்றாகத் தேர்ந்தெடுக்கும் பக்கங்களில் மேக்ஸ்_ஃபைல்_அப்லோட்ஸ் என்பதையும் பார்க்க வேண்டும். இயல்பு 20. 30 படம் தேர்ந்தெடுத்தால் 20 மட்டும் வரும், மீதி 10 எங்கே என்று பயனருக்கு யாரும் சொல்ல மாட்டார்கள்.

1.4 ஜிபி வீடியோ: இடப் பற்றாக்குறை

வரம்புகள் எல்லாம் சரி. வீடியோ 100 சதவீதம் போகிறது, பிறகு விழுகிறது. செயலியில் $_ஃபைல்ஸ் அணியை லாகில் எழுத வைத்தால் பிழை எண் 7 தெரிகிறது. 7 என்றால் டிஸ்க்கில் எழுத முடியவில்லை என்று பொருள். ஆனால் ‘டிஎஃப் -எச்’ அடித்தால் எஸ்எஸ்டியில் நூற்றுக்கணக்கான ஜிபி காலி.

எழுத முடியாமல் போனது எஸ்எஸ்டியில் அல்ல, /டிஎம்பியில். டெபியன் 13 முதல் /டிஎம்பி என்பது டிஸ்க்கில் இல்லை, டிஎம்பிஎஃப்எஸ் ஆக ராமில் இருக்கிறது. உச்ச அளவு ராமில் 50 சதவீதம். 2 ஜிபி மெஷினில் சுமார் 900 எம்பிதான் கிடைக்கும். தற்காலிகக் கோப்பின் இடத்தைச் சொல்லும் அப்லோட்_டிஎம்பி_டிர் வரியை எழுதாமல் விட்டால் பிஎச்பி /டிஎம்பியைத்தான் எடுக்கும். 12-இலிருந்து 13-க்கு அப்கிரேட் செய்தவர்களுக்கும் இது நடக்கும். 12-இல் வருடக்கணக்கில் ஓடிய செயலி திடீரென்று பெரிய கோப்புகளை மட்டும் மறுத்தால் முதல் சந்தேகம் இதன் மேல் விழட்டும். ‘ஃபைண்ட்மவுன்ட் /டிஎம்பி’ என்று கேட்டால் எந்த வகை என்று சொல்லிவிடும்.

டிஎம்பி.மவுன்ட் யூனிட்டை மாஸ்க் செய்து (கிளம்பாமல் தடுத்து) பழைய நிலைக்குத் திருப்பலாம். அதைவிட நல்ல வழி, பிஎச்பிக்கென்று எஸ்எஸ்டியிலேயே ஒரு இடம் கொடுப்பது. /எஸ்ஆர்வி/டெம்ப்/பிஎச்பி என்று ஃபோல்டர் செய்து, உரிமையாளர் டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா (பிஎச்பி ஓடும் பயனர் பெயர்), அனுமதி 700 வைத்து, அப்லோட்_டிஎம்பி_டிர் வரியில் எழுதி எஃப்பிஎம்மை ரீலோட் செய்ய வேண்டும். படங்கள் போய்ச் சேரும் ஃபோல்டரும் அதே ஃபைல்சிஸ்டத்தில் இருப்பதால், கடைசியாக நகர்த்துவது வெறும் பெயர் மாற்றமாகிவிடும். 1.4 ஜிபி என்றாலும் கண் இமைக்கும் நேரம். வேறு டிஸ்க்காக இருந்தால் முழுவதும் காப்பி ஆக வேண்டும். நொடிக்கு 30 எம்பி வேகத்தில் எழுதும் டிஸ்க்குக்கு அது 45 நொடிக்கு மேல். என்ஜின்எக்ஸ் பிஎச்பிக்காகக் காத்திருக்கும் 60 நொடியை அதுவே கிட்டத்தட்டத் தின்றுவிடும்.

இதில் ஒரு பொறி. அப்லோட்_டிஎம்பி_டிர்-இல் சொன்ன ஃபோல்டருக்குள் எழுத அனுமதி இல்லையென்றால் பிஎச்பி நின்றுவிடாது. பழைய /டிஎம்பிக்கே திரும்பிப் போய்விடும். மாற்றிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டிருப்போம், பிழை எண் 7 அப்படியே தொடரும். எழுத முடிகிறதா என்பதை ‘சூடோ -யூ டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா டச்’ என்று ஒரு காலிக் கோப்பை உருவாக்கிப் பார்த்தே தீர்மானிக்க வேண்டும்.

என்ஜின்எக்ஸின் தற்காலிக ஃபோல்டரும் இன்னும் எஸ்டி கார்டில்தான் இருக்கிறது. கிளையன்ட்_பாடி_டெம்ப்_பாத் வரியால் அதையும் /எஸ்ஆர்வி/டெம்ப்/என்ஜின்எக்ஸ்-க்கு மாற்றிவிடுவது நல்லது. எஸ்டி கார்டின் ஆயுளும் கூடும். அப்லோட் நடக்கும்போது அந்த ஃபோல்டரை ‘எல்எஸ்’ அடித்துப் பார்ப்பவர் திகைத்துப்போவார். காலியாக இருக்கும், ஆனால் டிஎஃப்-இல் இடம் குறைந்துகொண்டே வரும். என்ஜின்எக்ஸ் தற்காலிகக் கோப்பைத் திறந்த கையோடு அதன் பெயரை நீக்கிவிடுகிறது. பெயரில்லாத அந்தக் கோப்பு திறந்திருக்கும் வரை இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். ‘எல்எஸ்ஓஎஃப் +எல்1’ அடித்தால் நீக்கப்பட்டதாகக் குறிக்கப்பட்டு, அளவு வளர்வது தெரியும்.

ஃபாஸ்ட்சிஜிஐ_ரிக்வெஸ்ட்_பஃபரிங்கை ஆஃப் செய்தால் இந்த முதல் பிரதியே தேவையில்லை என்பது உண்மை. ஆனால் அப்போது அப்லோட் முடியும் வரை ஒரு பிஎச்பி வொர்க்கர் கட்டிப்போடப்படும். டெபியனில் வொர்க்கர் எண்ணிக்கையின் உச்சமான பிஎம்.மேக்ஸ்_சில்ட்ரன் இயல்பு மதிப்பு 5. மெதுவான இணைப்பில் ஐந்து பேர் ஒரே நேரத்தில் வீடியோ ஏற்றினால் தளம் முழுவதும் உறைந்துவிடும். சிறு சர்வரில் பஃபரிங் ஆனிலேயே இருக்கட்டும்.

டிஸ்க்கில் இடம் இருந்தும் எழுத முடியாத வேறு இரண்டு நிலைகள் உண்டு. ஐநோட் (கோப்புக்கு ஒன்று வீதம் தேவைப்படும் பதிவு இடம்) தீர்ந்திருக்கலாம், ‘டிஎஃப் -ஐ’ காட்டும். அல்லது இஎக்ஸ்டி4 ஃபைல்சிஸ்டம் ரூட் பயனருக்காக ஒதுக்கி வைக்கும் 5 சதவீதத்தில் போய் முட்டியிருக்கலாம். ரூட்டாகச் சோதித்தால் எழுதும், டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டாவாக எழுதாது. தரவு மட்டும் வைக்கும் டிஸ்க்கில் ‘டியூன்2எஃப்எஸ் -எம் 1’ கொடுத்து ஒதுக்கீட்டை 1 சதவீதமாகக் குறைக்கலாம்.

டிஸ்க் மவுன்ட் ஆகாத நாள்

யூஎஸ்பி டிஸ்க் வைத்திருப்பவர்கள் கட்டாயம் செய்ய வேண்டிய ஒரு காப்பு வேலை இது. எஃப்எஸ்டேப்பில் (மவுன்ட் பட்டியல் கோப்பு) நோஃபெயில் எழுதியிருந்தால், டிஸ்க் கிடைக்காவிட்டாலும் மெஷின் எழுந்துவிடும். /எஸ்ஆர்வி வெறும் காலி ஃபோல்டராக எஸ்டி கார்டில் இருக்கும். உள்ளே தேவையான ஃபோல்டர்களைச் செயலி தானே உருவாக்கிக்கொள்ளும் வகையாக இருந்தால், படங்கள் எல்லாம் எஸ்டி கார்டில் சேரும், அது நிரம்பும், பிறகு எல்லாமே விழும். மறுநாள் டிஸ்க் மவுன்ட் ஆனதும் நேற்று ஏற்றிய படங்கள் அதன் அடியில் மறைந்துபோகும். தொலைந்துவிட்டன என்று நினைத்து எத்தனையோ பேர் மறுபடி ஏற்றியிருப்பார்கள். டிஸ்க்கைக் கழற்றிய நிலையில் காலி /எஸ்ஆர்வி ஃபோல்டருக்கு ‘சிஎச்ஏடிடிஆர் +ஐ’ கொடுத்துப் பூட்டிவிடுங்கள். மவுன்ட் ஆவதற்கு அது தடையில்லை. மவுன்ட் ஆகாதபோது யாரும் அதற்குள் எழுத முடியாது. கூடவே எஃப்பிஎம் சர்வீஸ் யூனிட்டில் ரிக்வயர்ஸ்மவுன்ட்ஸ்ஃபார்=/எஸ்ஆர்வி என்ற வரியைச் சேர்த்தால், டிஸ்க் இல்லாமல் பிஎச்பி கிளம்பாது.

டிஸ்க் எக்ஸ்ஃபேட் ஃபார்மேட்டில் இருந்தால் உரிமையாளரை மாற்றும் சிஎச்ஓன் கமாண்ட் பலிக்காது. மவுன்ட் ஆப்ஷனிலேயே யூஐடி=33, ஜிஐடி=33 கொடுக்க வேண்டும்; டெபியனில் டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டாவின் எண் 33. ஃபேட்32 என்றால் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தொடவே முடியாது.

அனுமதிப் பிழைகள்

எர்ரர் லாகில் ‘13: பெர்மிஷன் டினைட்’ வந்தால், கடைசி ஃபோல்டரை மட்டும் பார்ப்பது போதாது. பாதையில் உள்ள ஒவ்வொரு ஃபோல்டருக்கும் உள்ளே நுழையும் எக்ஸ் அனுமதி வேண்டும். ‘நேம்ஐ -எல்’ கொடுத்து முழுப் பாதையையும் எழுதினால் ஒவ்வொரு படியின் உரிமையாளரையும் அனுமதியையும் வரிசையாகக் காட்டும். ஹோம் ஃபோல்டருக்குள் அப்லோட் இடத்தை வைத்தவர்கள் இங்கே மாட்டுவார்கள், உபுண்டு 21.04 முதல் புதிய ஹோம் ஃபோல்டர்கள் 750 அனுமதியில் உருவாகின்றன, வெளியார் நுழைய முடியாது.

சில கேபி உள்ள கோப்பு ஏறுகிறது, கொஞ்சம் பெரிதானால் 500 என்றால், என்ஜின்எக்ஸ் தன் தற்காலிக ஃபோல்டரில் எழுத முடியாமல் நிற்கிறது. 8 கேபி வரை ராமிலேயே முடிந்துவிடுவதால் சிறியவை தப்பித்துவிடும். கன்ஃபிகில் யூசர் வரியை மாற்றிய பிறகு இது அதிகம் நடக்கும்.

777 கொடுத்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். ஃபோல்டருக்கு 750, கோப்புக்கு 640, உரிமையாளர் சரியாக இருந்தால் போதும். ஃபெடோரா, ஆல்மாலினக்ஸ் போன்றவற்றில் அனுமதி எல்லாம் சரியாக இருந்தும் 13 வந்தால் எஸ்இலினக்ஸ் என்ற கூடுதல் பாதுகாப்பு அடுக்கு காரணம். அப்லோட் ஃபோல்டருக்கு எச்டிடிபிடி_சிஸ்_ஆர்டபிள்யூ_கன்டென்ட்_டி என்ற லேபிளை ‘எஸ்இமேனேஜ் எஃப்கான்டெக்ஸ்ட்’ வழியாகப் பதிந்து, ‘ரீஸ்டோர்கான் -ஆர்வி’ ஓட்ட வேண்டும். எஸ்இலினக்ஸையே அணைப்பது தீர்வல்ல.

வெளியிலிருந்து மட்டும் ஏறவில்லை

வீட்டுக்குள் எல்லாம் ஏறுகிறது, வெளியிலிருந்து 100 எம்பிக்கு மேல் போகவில்லை என்றால், நடுவில் கிளவுட்ஃபிளேர் இருக்கிறதா பாருங்கள். இலவசத் திட்டத்தில் ஒரு கோரிக்கையின் உச்ச அளவு 100 எம்பி. 413 பதிலின் தலைப்பில் சர்வர் பெயரைப் பார்த்தாலே யார் மறுத்தது என்று தெரியும். கர்லில் --ரிசால்வ் ஆப்ஷன் மூலம் டொமைனை நேராக வீட்டு ஐபிக்கு அனுப்பிச் சோதித்தால் ஐயம் தீரும். இந்த வரம்பை நம் பக்கத்தில் மாற்ற முடியாது. அப்லோடுக்கென்று தனி சப்டொமைன் வைத்து அதை டிஎன்எஸ் மட்டும் என்ற நிலையில் (கிளவுட்ஃபிளேர் வழியாகப் போகாமல்) விடலாம். இல்லையென்றால் கோப்பைத் துண்டு துண்டாக அனுப்பும் செயலி வேண்டும். சொந்த சர்வரில் கோப்புகளைச் சேமிக்கும் நெக்ஸ்ட்கிளவுட் அப்படித்தான் அனுப்புகிறது. அதன் துண்டின் உச்ச அளவை 52428800, அதாவது 50 எம்பி என்று வைத்தால் தாராளமாகக் கடந்துவிடும்.

கிளவுட்ஃபிளேர் இல்லை, ஆனால் சில பத்து கேபி போனதும் கர்ல் அசையாமல் நிற்கிறது, பக்கங்கள் மட்டும் நன்றாகத் திறக்கின்றன என்றால் எம்டியூவை (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவை) பார்க்க வேண்டும். பிபிபிஓஇ என்ற லாகின் முறை வழியாக வரும் ஃபைபர் இணைப்பில் எம்டியூ 1492, ஈதர்நெட்டில் 1500. பெரிய பாக்கெட் நுழையாதபோது அனுப்பியவருக்குத் தகவல் தரும் ஐசிஎம்பி செய்தியை வழியில் யாராவது மறித்திருந்தால், அந்த பாக்கெட் சத்தமில்லாமல் தொலையும். பக்கம் கேட்கும் கோரிக்கை சின்னது, போய்விடும். அப்லோட் முழுவதும் பெரிய பாக்கெட்டுகள், ஒன்றும் போகாது. வெளியில் உள்ள லினக்ஸ் மெஷினிலிருந்து ‘பிங் -எம் டூ -எஸ் 1472’ பதில் தராமல், 1464 பதில் தந்தால் உறுதி. 1464-உடன் தலைப்புகளின் 28 சேர்ந்தால் 1492. ரவுட்டரில் எம்எஸ்எஸ் கிளாம்பிங்கை (பாக்கெட் அளவைக் குறைத்துக் கேட்க வைக்கும் வசதி) ஆன் செய்தால் தீரும். விபிஎஸ் (வாடகை மெய்நிகர் சர்வர்) ஒன்றிலிருந்து வயர்கார்ட் டனல் வழியாக வீட்டுக்குக் கொண்டுவருபவர்களுக்கு எம்டியூ இன்னும் குறைவு, வழக்கமாக 1420. விபிஎஸ்ஸில் கிளாம்ப் செய்ய வேண்டும்.

நேரத்தைப் பற்றிய பயம் பெரும்பாலும் தேவையற்றது. 20 எம்பிபிஎஸ் வேகத்தில் 1.4 ஜிபி போக 9 நிமிடத்துக்கு மேலாகும். என்ஜின்எக்ஸின் கிளையன்ட்_பாடி_டைம்அவுட் 60 நொடி என்பது முழு அப்லோடுக்கு அல்ல, அடுத்தடுத்த இரண்டு வாசிப்புகளுக்கு நடுவே உள்ள இடைவெளிக்கு. தரவு வந்துகொண்டே இருந்தால் ஒரு மணி நேரமானாலும் அது குறுக்கே வராது. பிஎச்பியின் மேக்ஸ்_இன்புட்_டைம்-உம் குறுக்கே வராது. என்ஜின்எக்ஸ் முழுக் கோப்பையும் வாங்கி வைத்துத் தருவதால் மெதுவான இணைப்பு பிஎச்பிக்குத் தெரிவதே இல்லை. 504 (பிஎச்பியின் பதிலுக்குக் காத்திருந்து நேரம் கடந்தது) வந்தால் மட்டும் ஃபாஸ்ட்சிஜிஐ_ரீட்_டைம்அவுட்டைப் பாருங்கள். அப்போதும் செயலி கோப்பை வாங்கிய பின் அத்தனை நேரம் என்ன செய்கிறது என்று முதலில் கேட்க வேண்டும்.

கோப்பு சிறியது, படம் பெரியது

வேர்ட்பிரஸில் 12 எம்பி போன் படம் ஏறி, ‘படத்தைச் செயலாக்க முடியவில்லை’ என்று வந்தால் அது அப்லோட் பிழையே அல்ல. 50 மெகாபிக்சல் படம் 8160 × 6120 பிக்சல். விரித்தால் பிக்சலுக்கு 4 பைட் வீதம் சுமார் 200 எம்பி ராம் கேட்கும். சிறுபடம் செய்ய அதற்கு மேலும் கொஞ்சம். இரண்டு மூன்று படங்கள் ஒரே நேரத்தில் வந்தால் 2 ஜிபி மெஷினில் கர்னலே பிஎச்பி வொர்க்கரைக் கொன்றுவிடும். என்ஜின்எக்ஸ் 502 காட்டும், எர்ரர் லாகில் ‘104: கனெக்ஷன் ரீசெட்’ இருக்கும். ‘ஜர்னல்சிடிஎல் -கே’ வெளியீட்டில் ஓஓஎம் (ராம் தீர்ந்தது) என்று தேடினால் சாட்சி கிடைக்கும். வொர்க்கர் எண்ணிக்கையைக் குறைப்பதும் ஸ்வாப் சேர்ப்பதும் இங்கே உதவும். அப்லோட் வரம்பைத் தொட்டுப் பயனில்லை.

தமிழ்க் கோப்புப் பெயர்கள்

இஎக்ஸ்டி4-இல் ஒரு கோப்புப் பெயர் 255 பைட் வரை இருக்கலாம். ஆங்கில எழுத்துக்கு 1 பைட். யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட். ‘கோ’ என்பது ககரம் ஒன்று, ஓகாரக் குறி ஒன்று, ஆக 6 பைட். 85 குறியீடுகளோடு கணக்கு முடிந்துவிடும். உயிர்மெய்கள் நிறைந்த பெயரில் அது 50 எழுத்துக்குள்ளேயே வந்துவிடலாம். வாட்ஸாப்பில் வரும் நீண்ட தலைப்புள்ள பிடிஎஃப்கள் ‘36: ஃபைல் நேம் டூ லாங்’ என்று விழுவது இதனால். மேலும் சில மெஷின்கள் ஓகாரத்தை ஏகாரக் குறி, கால் என்று இரண்டாகப் பிரித்து அனுப்பும். கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இரண்டு பெயர்கள் டிஸ்க்கில் வெவ்வேறு கோப்புகளாகிவிடும். சொந்தமாகச் செயலி எழுதுபவர்கள் மூலப் பெயரை என்எஃப்சி வடிவத்துக்கு (பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்க்கும் வடிவம்) மாற்றி டேட்டாபேஸில் வைத்துவிட்டு, டிஸ்க்கில் ஒரு எண்ணைப் பெயராக வைப்பதே பாதுகாப்பு.

வேலை முடிந்த பின்

கதவைத் திறந்த இடத்தில் காவலும் வேண்டும். கோப்புகள் சேரும் ஃபோல்டரில் பிஎச்பி ஓடக் கூடாது. அதன் முகவரிக்கு ^~ குறியோடு ஒரு லொகேஷன் பிளாக் வைத்தால் பிஎச்பிக்கான ரெகுலர் எக்ஸ்பிரஷன் லொகேஷன் அங்கே செல்லாது. ஒரு பிஎச்பி கோப்பை ஏற்றிப் பிரவுசரில் திறந்து, அது ஓடவில்லை என்று கண்ணால் பார்த்துவிடுங்கள். பிரவுசர் சொல்லும் கோப்பு வகையை நம்பாமல், ஃபைல்இன்ஃபோ எக்ஸ்டென்ஷனால் உள்ளடக்கத்தைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும்.

பிஎச்பி தன் தற்காலிகக் கோப்பைக் கோரிக்கை முடிந்ததும் தானே அழித்துவிடும். ஓஓஎம் கொன்ற வொர்க்கருக்கு அந்த வாய்ப்பு கிடைக்காது. ‘பிஎச்பி’ என்று தொடங்கும் பெயருடன் அநாதைக் கோப்புகள் /எஸ்ஆர்வி/டெம்ப்/பிஎச்பி ஃபோல்டரில் தங்கிவிடும். /டிஎம்பியாக இருந்தால் ரீபூட்டில் போயிருக்கும், இங்கே போகாது. 1440 நிமிடத்துக்கு மேல் பழையதானவற்றை ஃபைண்ட் கமாண்டால் அழிக்கும் ஒரு வரியைத் தினசரி கிரானில் (நேரம் குறித்து வேலை ஓட்டும் கருவி) சேர்த்து, முதல் முறை அழிக்கும் ஆப்ஷன் இல்லாமல் பட்டியலை மட்டும் பார்த்துவிட்டு ஓட விடுங்கள்.